கிளாரிநெட் பேண்டு வாத்தியம்தானா?

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் கிளாரிநெட் கற்கிறான். “கல்யாண ஊர்வலத்துக்கு ஊதுகிற வாத்தியம். மதுரைப் பக்கம் பிறந்துவிட்டு நாதஸ்வரத்தை விட்டு இதையா?” என்கிறார் என் அண்ணன். அவன் ஆசிரியரோ பாதி நேரம் பாடத்தான் வைக்கிறார். சரியான வழியில்தான் போகிறோமா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

— ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஆசிரியரை விட்டுவிடாதீர்கள்.

அண்ணன் சொல்வது பாதி சரி. வெள்ளைக்காரர்களோடு வந்த வாத்தியம்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டிலேயே பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரில், முகவீணை என்ற சிறிய ஊது வாத்தியம் இருந்த இடத்தைப் பிடித்துவிட்டது. அப்புறம் அதைத் தவிலோடு முழுக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். அவருடைய அப்பாவும் கிளாரிநெட்காரர்தான். இருந்தும் ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டு, இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாதஸ்வரம் என்று கற்றார். ‘கிளாரிநெட் எவரெஸ்ட்’ என்று அவரைச் சொன்னவர் சாதாரண ஆளில்லை, நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை! நடராஜனுக்கு 2008இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது, 2022இல் பத்மஸ்ரீ.

பாட வைப்பதற்குக் காரணம் வாத்தியத்திலேயே இருக்கிறது. நாதஸ்வரத்தில் எல்லாம் திறந்த துளைகள். விரலை நழுவவிட்டு, சீவாளியில் (ஊதும் நாணல் முனையில்) உதட்டை அழுத்தி கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, வளைத்துவிடலாம். கிளாரிநெட்டில் பல ஸ்வரங்களுக்குக் கீ, அதாவது விரலால் அழுத்தும் உலோக மூடி, உண்டு. கீ மூடும் அல்லது திறக்கும், இடையில் நிற்க லேசில் சம்மதிக்காது. அசைவில்லாத காந்தாரத்தை (‘க’ ஸ்வரத்தை) வைத்துக்கொண்டு தோடி ராகம் வாசிப்பது எப்படி?

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று. நாதஸ்வரத்தில் ஷட்ஜத்துக்கு (‘ஸ’வுக்கு) வைத்த விரல்களை அப்படியே வைத்து ஊதலை மாற்றினால் மேல் ஷட்ஜம் வரும். கிளாரிநெட்டில் மேல் பஞ்சமம் (‘ப’) வரும்! ஆகவே மேல் ஸ்தாயிக்கு விரல் பாடமே வேறு. ஒரு சங்கதி (பாட்டு வரியை மெருகேற்றும் ஒரு விதம்) மேலே ஏறும்போது பாதி வழியில் விரல் முறை மாறுகிறது. கேட்பவருக்கு அந்தத் தையல் தெரியக்கூடாது. தொண்டையில் ராகம் உட்கார்ந்திருந்தால்தான் விரலும் உதடும் அதைத் தேடிப் பிடிக்கும். பாட்டு வராத பையன் வெறும் ஸ்வரங்களை வரிசையாக அழுத்திக்கொண்டிருப்பான், அண்ணனும் ஜெயித்துவிடுவார்.

நாதஸ்வரமும் நிறையக் கேட்கட்டும். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் பதிவுகளிலிருந்தே தொடங்கலாம்.

பிழைப்பு? நடராஜன் வானொலி வேலையை விட்டுவிட்டுக் கச்சேரிக்கு வந்தார். உங்கள் மகனுக்கு அந்த யோசனையை இப்போதே கொடுக்க வேண்டாம். கச்சேரி வருமானம் சீசனுக்கு ஏற்றபடிதான். சொல்லிக்கொடுப்பதுதான் மாதா மாதம் அரிசி வாங்கித் தரும். அதற்கும் பாட்டு வேண்டும்.