கிட்ஹப்பை டேஷ்போர்டோடு இணைக்கும் முன்: கேள்வி பதில்

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் கணக்கை, தரவை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா மாதிரியான அனலிடிக்ஸ் கருவிகளோடு இணைப்பதில் உள்ள சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

கே: வரைபடம் போடும் கருவிதானே? தனியார் ரெப்போவில் (நிரல் கோப்புகளின் தொகுப்பில்) எழுதும் உரிமை ஏன் கேட்கிறது?

கருவிக்கு அது தேவையே இல்லை. கோளாறு, கடவுச்சொல் தராமலே கருவிக்கு அனுமதி கொடுக்கும் கிட்ஹப்பின் பழைய ஓஆத் முறையில் இருக்கிறது. தனியார் ரெப்போவைப் படிக்க மட்டும் என்று அதில் தனி அனுமதி கிடையாது. ‘ரெப்போ’ அனுமதியைக் கொடுத்தால், உங்கள் கை எட்டும் ரெப்போ எல்லாவற்றிலும் அதன் கையும் எட்டும். அதே கருவி ‘கிட்ஹப் ஆப்’ வடிவில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் எந்தெந்த ரெப்போ என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கருவி உள்ளே வரும் சாவியான டோக்கனும் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். ஆப் இல்லையா? எந்த ரெப்போ, என்ன உரிமை என்று நீங்களே குறுக்கிக்கொள்ளும் ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் எடுங்கள். படிக்க மட்டும், காலக்கெடுவோடு.

2022 ஏப்ரலில் நடந்தது நினைவிருக்கிறதா? ஹெரோகு, டிராவிஸ் சிஐ என்ற இரண்டு மென்பொருள் சேவைகளுக்கும் கொடுத்திருந்த ஓஆத் டோக்கன்கள் திருடு போய், பல நிறுவனங்களின் தனியார் ரெப்போக்களை யாரோ இறக்கிக்கொண்டார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி கொடுத்துவைத்த வீட்டில்தான் திருட்டு.

கே: ரெப்போவுக்கு வந்த பார்வையாளர் கணக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வரவில்லையே?

கிட்ஹப் தருவதே 14 நாள் கணக்குதான். தினமும் எடுத்துச் சேமியுங்கள். போனது போனதுதான்.

கே: டேஷ்போர்டில் இஷ்யூ (பிழை, வேலைக் குறிப்பு) எண்ணிக்கை மூன்று மடங்கு காட்டுகிறது.

கருவிகள் தரவு எடுக்கும் வழியான கிட்ஹப் ஏபிஐ, புல் ரிக்வெஸ்ட்டையும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) இஷ்யூ பட்டியலிலேயே தரும். வடிகட்டுங்கள்.

கே: டோக்கனை கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் வைத்து கமிட் செய்யலாமா, அதாவது ரெப்போவில் பதியலாமா? ரெப்போ தனியார்தான்.

கூடாது. இன்று தனியார், நாளை யாராவது பொதுவாக்குவார்.

கே: அண்ணா, ஆளுக்கு எத்தனை கமிட் என்று மேனேஜர் சார்ட் கேட்கிறார்.

போடாதீர்கள் தம்பி. ஸ்குவாஷ் மெர்ஜ் செய்கிற டீமில் பத்து கமிட் ஒன்றாகிவிடும். மடிக்கணினியில் வேறு மின்னஞ்சல் வைத்திருப்பவரின் கமிட், அவர் கணக்கில் சேரவே சேராது.

கே: நானே மேனேஜர்தான். எண்ணே இல்லாமல் அப்ரைசல் எப்படி?

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. புல் ரிக்வெஸ்ட் எத்தனை நாள் ரிவ்யூவுக்குக் காத்துக் கிடக்கிறது என்று டீமுக்குப் பாருங்கள், ஆளுக்கு அல்ல. நான் முன்பு இருந்த ஓரிடத்தில் ஆளுக்கு எத்தனை கமிட் என்ற சார்ட்டைச் சுவரில் மாட்டினார்கள். மறுவாரமே ஒருவர் ரீட்மீ என்ற விளக்க ஃபைலில் எழுத்துப்பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி ஒவ்வொன்றையும் கமிட் செய்தார். அந்த வாரம் அவர்தான் முதலிடம்!

கே: அவர் செய்தது ஏமாற்று வேலை. சார்ட்டின் தவறு எப்படி?

எதை எண்ணுகிறீர்களோ அதைத்தான் கொடுத்தார். இதோடு இந்தச் சண்டையை நிறுத்திக்கொள்வோம். இணைப்பு பற்றிக் கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: எந்த டோக்கன் எடுப்பது?

முதல் பதில்.

கே: ஆபீஸ் ரெப்போக்கள் மட்டும் தெரியவில்லை. டோக்கனை மாற்றணுமா?

சொந்தக் கணக்கின் பெயரில் எடுத்த ஃபைன்-கிரெய்ன்ட் டோக்கன் என்றால், ஆபீஸ் ஆர்கனைசேஷன் பெயரில் புதிதாக எடுக்கணும். எப்படியும், ஆபீஸின் கிட்ஹப் கணக்கான ஆர்கனைசேஷனின் ஓனர் ஒப்புதல் தர வேண்டியிருக்கும். அவரைக் கேளுங்கள்.

கே: சார், என் டோக்கனைக் கீழே ஒட்டியிருக்கிறேன். வேலை செய்கிறதா பாருங்கள்.

கேள்வியிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் அது போதாது. இப்போதே செட்டிங்ஸில் போய் ரத்து செய்யுங்கள், அப்புறம் பேசலாம்.