பிரன்ஸ்விக்கில் கார் இல்லாமல் வேலைக்குப் போவது: அம்மாபேட்டைத் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீ கேட்டது இதுதான். சேலத்திலிருந்து மெல்பர்னுக்கு வருகிறீர்கள். உனக்குப் பார்க்வில்லில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. பக்கத்திலிருக்கும் பிரன்ஸ்விக்கில் வாடகைக்கு வீடு பார்க்கிறீர்கள். கார் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது, வந்த கையோடு கடன் வாங்கியாவது ஒன்று எடுத்துவிட வேண்டும் என்கிறார் உன் வீட்டுக்காரர். அந்த ஏரியா ஜனங்கள் எல்லாம் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் அக்கா என்று கேட்டிருக்கிறாய்.

நானும் சேலம்தான், செவ்வாய்ப்பேட்டைக்காரி. பிரன்ஸ்விக்கில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். உன் வேலைக்குக் கார் வேண்டாம். காருக்குக் கட்டப் போகிற மாதத் தவணையில் ஒரு பங்கை வாடகையில் சேர்த்து, ட்ராம் தடத்துக்குப் பக்கத்தில் வீடு எடு.

உங்கள் அம்மாபேட்டையில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை நாலு வீடு தள்ளி இருந்தது. பிரன்ஸ்விக்கும் அப்படி உருவான ஊர்தான். செங்கல் சூளையும் துணி ஆலையும் இருந்த இடம். ஆலைக்கு நடந்து போகிறவர்களுக்காகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். கார் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. அதனால் தெருக்கள் குறுகல், பழைய வீடுகள் பலவற்றில் வண்டி நிறுத்த இடமே கிடையாது. 1884-லேயே கோபர்க் வரை ரயில் போட்டுவிட்டார்கள். கொஞ்ச வருஷத்தில் சிட்னி ரோட்டில் ட்ராமும் வந்தது. இன்றைக்கும் நகரத்துக்குள் வேலைக்குப் போகிற எங்களுக்கு அந்த இரண்டு தடமும்தான் ஆதாரம். சூளையும் ஆலையும் மூடியாகிவிட்டது, தடங்கள் இருக்கின்றன.

உனக்கு 19-ஆம் நம்பர் ட்ராம். சிட்னி ரோட்டில் ஏறினால் ராயல் பரேட் வழியாக ஆஸ்பத்திரிகள் இருக்கிற இடத்திலேயே இறக்கிவிடும். கண்டக்டர் கிடையாது, உள்ளே டிக்கெட்டும் கிடைக்காது. மைக்கி கார்டு ஒன்று வாங்கி, காசு ஏற்றி வைத்துக்கொள். ட்ராமில் ஏறும்போது மட்டும் கார்டை அங்கிருக்கும் கருவியில் தட்டினால் போதும். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். மெல்பர்னில் ட்ராம் இலவசம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது நகரத்தின் நடுப்பகுதிக்குள் மட்டும், 2015-லிருந்து. பார்க்வில் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்கிற மாதிரி இங்கே கிடையாது. சோதிக்கிறவர்கள் சாதாரண உடுப்பிலும் வருவார்கள், அபராதம் பலமாக இருக்கும். இன்னொன்று, மாலை 6 மணிக்கு மேல் கார்டைத் தட்டினால் அதே கட்டணத்தில் விடியற்காலை 3 மணி வரை போய் வரலாம்.

இறங்கும் இடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிட்னி ரோட்டில் பல நிறுத்தங்களில் மேடை கிடையாது. ட்ராம் நடுரோட்டில் நிற்கும், கதவு திறக்கும், நீ கால் வைப்பது கார் ஓடும் தார் ரோட்டில். ட்ராம் நின்று கதவு திறந்திருந்தால் பின்னால் வரும் கார்கள் நின்றுதான் ஆக வேண்டும் என்பது சட்டம். அப்படியிருந்தும் கம்பியை விடாமல் படியிலேயே நின்று, இடது பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் இறங்கு. அவசரத்தில் நிற்காமல் போகும் கார்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வரும்போது தூக்கக் கலக்கமாக இருக்கும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

காலை ஷிப்ட் என்றால் நான் முன்னால் சொன்ன அந்த ரயிலையும் பார், இப்போது அதை அப்ஃபீல்ட் ரயில் என்பார்கள். ட்ராம் அளவுக்கு அடிக்கடி வராது, ராயல் பார்க் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கவும் வேண்டும். ஆனால் வார நாளில் காலை 7.15-க்குள் இறங்கிக் கார்டைத் தட்டிவிட்டால் அந்த ரயில் பயணத்துக்குக் காசே பிடிக்க மாட்டார்கள். ஏழு மணி டியூட்டிக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

என் சொந்த விருப்பம் சைக்கிள்தான். ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை நீயும் ஓட்டியிருப்பாய். சிட்னி ரோட்டில் மட்டும் ஓட்டாதே. ஓரத்தில் வரிசையாகக் கார் நிற்கும். யாராவது கதவைத் திறந்தால் நேராக அதில் போய் மோத வேண்டியதுதான். அப்ஃபீல்ட் ரயில் பாதையை ஒட்டியே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப் பாதை ஓடுகிறது. அதில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ராயல் பார்க் வரை போய்விடலாம். சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயம், 1990-லிருந்தே சட்டம். விளக்கும் வேண்டும். ஜூன் மாதத்தில் ஏழரை மணிக்குத்தான் விடியும், சாயங்காலம் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும். அந்த மாதங்களில் காலை ஷிப்டுக்குக் கும்மிருட்டில்தான் கிளம்புவாய், குளிர்காற்று காதை அறுக்கும்.

வீடு பார்க்கும்போது வாடகையையும் சமையலறையையும் பார்ப்பதோடு நிறுத்தாதே. ட்ராம் நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டு வாசல் வரை ராத்திரி ஒன்பதரை, பத்துக்கு ஒரு தடவை நடந்து பார். மாலை ஷிப்ட் முடிந்து நீ வரப்போகிற நேரம் அது. வெளிச்சம் இருக்கிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா என்று பார். வெள்ளி, சனி ராத்திரிகளில் 19-ஆம் நம்பர் விடிய விடிய ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலைதான் கொஞ்சம் கவனம் வேண்டும். சனி ராத்திரி ஓடுகிற ட்ராம் அன்றைக்கு விடிகிற வரை இருந்தாலும் அடிக்கடி வராது, ஏழு மணி டியூட்டிக்கு முன்கூட்டியே நேரம் பார்த்து வைத்துக்கொள். தவறவிட்டால் சைக்கிள், இல்லையென்றால் டாக்சி. அதே பக்கத்தில் குடியிருக்கும் கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டு வைத்துக்கொள். இங்கே நர்ஸுகள் ஒருவரை ஒருவர் ஏற்றிக்கொண்டு போவது சாதாரணம்.

உன் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருக்கு நகரத்துக்குள் வேலை கிடைத்தால் உன்னோடு சேர்ந்து ட்ராம் ஏறட்டும். மேற்கே ட்ருகனினா பக்கம் கிடங்கு வேலை கிடைத்து, விடியற்காலை ஷிப்ட் போட்டால் பஸ், ரயிலை நம்பிப் போக முடியாது. சேலத்தில் கம்பெனி வேன் வீட்டுத் தெருவுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும், இங்கே அந்த வழக்கம் பெரும்பாலும் இல்லை. அப்படி அமைந்தால் காரை அவருக்காக வாங்குங்கள். நம்ம ஊர் லைசன்ஸை வைத்துக் கொஞ்ச காலம்தான் ஓட்ட முடியும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதி இந்த ஊர் லைசன்ஸ் வாங்க வேண்டும். அப்புறம் ஒன்று. புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றுக்குத் தெருவில் கார் நிறுத்த கவுன்சில் அனுமதிச் சீட்டு கொடுப்பதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.