பழத்தோட்டத்தில் காட்டுப்பூக்களையும் விட்டுவைத்து, பூச்சிமருந்தும் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் மரத்தில் பூ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடிக்கக்கூடாது. நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

கொய்யாவில் அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் பூச்சி. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்துவிட்டது, இனிப் பயமில்லை என்று ஒரு காலையில் மருந்து அடித்தேன். மரத்தடியில் தும்பை வெள்ளைவெளேரென்று பூத்திருந்தது கண்ணில் பட்டும் புத்தியில் ஏறவில்லை. இலையில் பட்டது போக மீதியெல்லாம் அதன்மேல்தான் சொட்டியிருக்கிறது. மதியம் போய்ப் பார்த்தால், பறக்க முடியாமல் மண்ணில் சுற்றிச் சுற்றி ஊர்கின்றன தேனீக்கள். செத்துக்கிடந்தவற்றின் நாக்கு வெளியே நீண்டிருந்தது.

இப்போது மருந்தடிக்கும் முந்தின நாளே மரத்தடிப் பூக்களை வெட்டிவிடுகிறேன். மருந்துச் சாரல் எட்டாத வரப்போரப் பூக்களைத் தொடுவதில்லை. பொழுது சாய்ந்து தேனீ அடங்கிய பிறகு, காற்றில்லாமல் இருந்தால்தான் தெளிப்பானைத் தூக்குவேன்.

வேரில் ஊற்றும் மருந்துக்கு இந்த உபாயமெல்லாம் செல்லாது. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்றவை செடிக்குள்ளேயே ஏறி மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும். பக்கத்துக் களையும் சேர்த்து உறிஞ்சும். திறந்தவெளிப் பயிர்களில் இவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டதற்குத் தேனீக்கள்தான் காரணம். அப்புறம், பூஞ்சாணக்கொல்லிதானே என்று அலட்சியமாகப் பூச்சிமருந்தோடு ஒரே டேங்கில் கலக்காதீர்கள். புரோபிகோனசோல் வகை சேர்ந்தால் சில பூச்சிமருந்துகளின் நஞ்சு தேனீக்குப் பல மடங்கு ஏறிவிடும்.

இவ்வளவு தொல்லைக்குக் களையையே ஒழித்துவிடலாமே என்று தோன்றும். மரம் பூப்பது சில வாரம்தான். மற்ற நாளெல்லாம் தேனீ எதைத் தின்னும்? மலர் ஈக்கும் தேன் வேண்டும். அதன் புழு அசுவினியைத்தான் தின்கிறது, ஆக மருந்துச் செலவும் குறையும். காட்டுத்தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் கூடு கட்டுபவை. அதனால் ஓரத்தில் கொஞ்சம் நிலத்தை உழாமலும் விடுங்கள்.

மரம் பூக்கும்போது தேனீக்கள் மரத்துக்கு வராமல் கீழேயுள்ள பூக்களிலேயே தங்கிவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில சமயம் தங்கும். அந்த நாட்களில் மட்டும் மரத்தடியை வெட்டிவிடுங்கள், வேரோடு பிடுங்க வேண்டாம். தும்பை விதை போட்டிருந்தால் அடுத்த மழைக்குத் தானே முளைத்துவிடும்.