கடம்பாவை வெட்டினால் ஏன் சிவப்பு ரத்தம் வருவதில்லை?

காசிமேட்டில் வாங்கி வந்த கடம்பாவை, அதாவது கணவாயை, நறுக்கும்போது ரத்தமே வரவில்லையே, அதற்கு ரத்தம் கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. சிவப்பாக இருக்காது, அவ்வளவுதான்.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்புள்ள ஹீமோகுளோபின், அதனால்தான் சிவப்பு. கடம்பாவில் அந்த வேலையைச் செய்வது செம்புள்ள ஹீமோசயனின். ஆக்சிஜன் சேர்ந்திருக்கும்போது நீலம். அது போய்விட்டால் கிட்டத்தட்ட நிறமே இருக்காது. படகில் வந்து, ஐஸில் கிடந்து, உங்கள் அரிவாள்மனைக்கு வருவதற்குள் வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். நண்டுக்கும் இதே கதைதான்.

கடம்பாவுக்கு இதயம் மூன்று. இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு ரத்தத்தைத் தள்ளும், மூன்றாவது மற்ற உடம்புக்கு. எனக்கு இதைவிட வேடிக்கையாகப் படுவது அதன் மூளைதான். மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை. உணவுக்குழாய் அந்த ஓட்டைக்குள் புகுந்துதான் போகிறது! அதனால் இரையைக் கிளிமூக்கு போன்ற அலகால் சின்னச் சின்னதாகக் கடித்துத்தான் விழுங்கியாக வேண்டும்.

அப்புறம், கழுவும்போது கையில் ஒட்டுகிற அந்தக் கறுப்பு மை? அதில் இருப்பது மெலனின். நம் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் அதே வகை நிறமிதான்.