குளிர்மண்ணில் நிறம் காட்டும் பாக்டீரியாக்கள்: கேள்வி பதில்

கேள்வி: அண்டார்க்டிகா மண்ணிலும் நிறமுள்ள பாக்டீரியாக்கள் உண்டா, ஐயா?

பதில்: நிறைய உண்டு. இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் ஷிர்மாகர் பகுதி மண்ணிலிருந்து ஹைதராபாத் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து, 1992-இல் பெயரிட்ட ஸ்பிங்கோபாக்டீரியம் அண்டார்க்டிகஸ் மஞ்சள் நிறமுடையது.

கேள்வி: நிறம் எதற்கு? வெயிலைத் தடுக்கவா?

பதில்: புற ஊதாக் கதிரின் பாதிப்பைக் கரோட்டினாய்டு என்ற மஞ்சள், ஆரஞ்சு வகை நிறமி குறைக்கும் என்பது சரி. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இதே பாக்டீரியாவை ஆய்வகத்தில் 25 டிகிரியிலும் 5 டிகிரியிலும் வளர்த்தார்கள். குளிரில் வளர்ந்தவற்றில் முனைவுத்தன்மை கொண்ட (மூலக்கூறில் மின்னூட்டம் சமமாகப் பரவாத) கரோட்டினாய்டுகளின் பங்கு கூடியது. மாற்றியது வெயிலை அல்ல, வெப்பநிலையை. இந்த நிறமிகள் செல் சவ்வில் பதிந்து அதை இறுக்குகின்றன.

மறுப்பு: குளிரில் சவ்வு தானாகவே இறுகிவிடுமே! மேலும் இறுக்கினால் செல் பிழைக்குமா?

பதில்: நல்ல மறுப்பு. இதற்காகவே நேரம் ஒதுக்கலாம். குளிர் வந்ததும் பாக்டீரியா நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டிச் சவ்வை இளக வைக்கிறது. அளவு மீறி இளகினால் சவ்வு கசியும். பந்தலுக்குக் குறுக்குக் கழி கொடுப்பதுபோல் கரோட்டினாய்டு அதைத் தாங்குகிறது என்பது அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். இளக்கமும் இறுக்கமும் சேர்ந்தே சமநிலை தருகின்றன. வெயிலை மட்டும் பேசுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: என் அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த்தட்டு) ஊதா காலனி, அதாவது பாக்டீரியாத் திரள். குளிர்மண்ணில் வாழும் ஜாந்தினோபாக்டீரியம்தானே?

பதில்: நிறத்தை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். அந்த ஊதா வயோலசின் என்ற நிறமியாக இருக்கலாம். வெப்பமண்டல மண்ணிலும் நீரிலும் வாழும் குரோமோபாக்டீரியம் வயோலேசியமும் அதையே உண்டாக்குகிறது. அது காயம் வழியே நுழைவது அரிது, நுழைந்தால் உயிரைப் பறிக்கக்கூடும். கையுறை அணியுங்கள். மரபணு வரிசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வயோலசினால் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்?

பதில்: தன்னை மேய வரும் ஒருசெல் உயிரிகளைக் கொல்லும். பூஞ்சையையும் தடுக்கும், ஜாந்தினோபாக்டீரியம் சில தவளைகளின் தோலில் தங்கி, கொடிய கைட்ரிட் பூஞ்சையிலிருந்து அவற்றைக் காக்கிறது.

கேள்வி: என் தட்டில் சிவப்பு காலனி. பெயர் என்ன?

பதில்: ஊதாவுக்குச் சொன்னதுதான். நிறம் பெயராகாது.

கேள்வி: சிவப்புப் பனி? அண்டார்க்டிகாவின் 'இரத்த அருவி'?

பதில்: முன்னதன் நிறம் பாசியால் வருவது, பின்னதன் நிறம் இரும்பால் வருவது. இரண்டும் இங்கே பேச வேண்டியவை அல்ல.

கேள்வி: ஊட்டி மண்ணை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இவற்றை வளர்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மண்ணில் வாழும் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி அந்தக் குளிரிலும் பெருகும். கல்லூரி ஆய்வகத்துக்குப் போங்கள்.