டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: பீடியும் நெற்றியும்

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. என் வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிக்கிறார். அதனால்தானோ?
- ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: பழியை அவர் மேல் போட எனக்கும் ஆசைதான். ஆனால் இது பிரசவத்துக்குப் பிறகு, மூன்று மாதம் வாக்கில் பெரும்பாலான தாய்மார்களுக்கு வருகிற உதிர்வு. கர்ப்ப காலத்தில் கொட்டாமல் நின்ற முடியெல்லாம் சேர்ந்து கொட்டுகிறது. ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். ரத்தசோகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அவரைத் திட்டுவதை நிறுத்த வேண்டாம். பிள்ளையின் மூச்சிரைப்புக்கும் காது நோய்க்கும் அந்தப் புகை காரணமாகும். அதைச் சொல்லித் திட்டுங்கள்.

கேள்வி: வயது 29. லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரு வருடமாக நெற்றியின் இரண்டு பக்கமும் முடி மேலே ஏறிக்கொண்டே போகிறது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். புது போர் தண்ணிதான் காரணம் என்கிறார் அம்மா. ஆறு மாதமாக சிகரெட்டை விட்டுவிட்டுப் பீடிதான் பிடிக்கிறேன், அது இலைதானே. கரிசலாங்கண்ணி எண்ணெயும் தேய்க்கிறேன். முடி திரும்ப வருமா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, பீடியைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள்? எங்கம்மா முக்கூடலில் பீடி சுற்றித்தான் என்னை டாக்டருக்குப் படிக்க வைத்தாள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும், ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. இலை என்பது மேலே சுற்றியிருக்கும் உறை மட்டும்தான், உள்ளே இருப்பது அதே புகையிலை. போதாக்குறைக்கு, பீடி சீக்கிரம் அணைந்துவிடும். அணையாமலிருக்க அடிக்கடி இழுப்பீர்கள். அதனால் தாரும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் சிகரெட்டைவிடக் கூடுதலாகத்தான் உள்ளே போகும்.

அம்மாவின் போர் தண்ணிக்கு வருவோம். உப்புத் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும். நெற்றியை மட்டும் தேடிப்பிடித்துக் கொட்ட வைக்கிற சாமர்த்தியம் அதற்கு இல்லை. இரண்டு பக்கமும் ஏறுவது பரம்பரை வழுக்கையின் அடையாளம். உங்கள் அப்பா, தாய்மாமா தலையெல்லாம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை! புகையே தொடாதவருக்கும் இது வரும். புகை அதை இன்னும் மோசமாக்கும். 2007-ல் வெளியான தைவான் ஆய்வு ஒன்றில், வயதையும் பரம்பரையையும் கணக்கில் எடுத்த பிறகும், ஒரு நாளைக்கு 20 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிக்கும் ஆண்களிடம் வழுக்கை கூடுதலாகவே இருந்தது. நரைக்கும் புகைக்கும் உள்ள தொடர்பை 1996-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார்கள்.

வேரில் நடப்பது இதுதான். முடியின் வேர் ஓயாமல் வேலை செய்யும் இடம், அதற்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதைக் கொண்டுவரும் ரத்தக் குழாய் முடியைவிட மெல்லியது. நிக்கோடின் அந்தக் குழாய்களைச் சுருக்கும். கார்பன் மோனாக்சைடோ, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய வண்டியில் முந்திக்கொண்டு ஏறிவிடும். ஒருவர் லோடுக்குப் பிடித்த வண்டியில் இன்னொருவர் சரக்கை ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? எண்ணெய் அந்த ஆழத்துக்கு வந்து எதையும் மாற்றாது. முடித்தண்டு உடையாமல் காக்கும், அவ்வளவுதான். குற்றாலத்துக்குப் போனால் நானும் தேய்த்துக்கொள்வேன், அது சுகத்துக்கு.

முடி திரும்ப வருமா? அடியோடு மூடிப்போன வேரில் வராது. மெலிந்து நிற்கும் முடியைக் காப்பாற்றலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பாருங்கள். மினாக்ஸிடில் என்ற, தலையில் தடவும் மருந்தை எழுதித் தரலாம். முதல் சில வாரங்கள் அதிகமாகக் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய நான்கு, ஆறு மாதம் ஆகும். பீடியை விடுவதற்கு 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள், தேசியப் புகையிலை நிறுத்த உதவி மையம் அது.

விட்டதும் தலையில் ஒன்றும் தெரியாது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் விரலைப் பாருங்கள். எங்கப்பாவின் வெள்ளை மீசையில் நடுவில் மட்டும் மஞ்சளாக இருக்கும். சின்ன வயதில் அதை வெற்றிலைக் கறை என்று நினைத்திருந்தேன். ஆள்காட்டி விரல் நகமும் அதே நிறம். அறுபது வயதில் பீடியை விட்டார். மூன்று மாதத்தில் அந்த நகத்தில் ஒரு கோடு: நுனிப்பக்கம் மஞ்சள், அடிப்பக்கம் வெள்ளை. வாரா வாரம் வெட்ட வெட்ட மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது. கடைசித் துண்டை வெட்டிய அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம் விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். தலை மட்டும் வழுக்கையாகவேதான் இருந்தது.