5.4 இருக்க 5.0-க்கு ஏன் அதிக விலை?

கணினிக்கு எந்த ஏஎம்டி பிராசசர் வாங்குவது என்று கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி: “ரைசன் 7 7700எக்ஸ் 5.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. 7800எக்ஸ்3டி 5.0தான், ஆனால் விலை அதிகம். இரண்டிலும் 8 கோர். பையன் கேமும் விளையாடுவான். எதை வாங்க? இல்லை, இன்டெல் பக்கம் போய்விடலாமா?”

அந்தக் கூடுதல் விலை கேஷுக்கு, அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகத்துக்கு. அதில் பெரிய அடுக்கான எல்3 கேஷ் 7700எக்ஸில் 32 எம்பி, 7800எக்ஸ்3டியில் 96. கணக்குப் போடும் பகுதியான கோர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் வெளியே இருக்கும் ராமிலிருந்து தரவு வரும்வரை காத்துக்கிடக்கத்தான் வேண்டும். கேம் என்றால் யார் எங்கே நிற்கிறார், எது எதில் மோதுகிறது என்று சிதறிக்கிடக்கும் சின்னச் சின்னத் தரவை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திரும்பத் திரும்பத் தொடும், அது சிப்புக்குள்ளேயே இருந்துவிட்டால் ராம் வரை ஓட வேண்டியதில்லை.

ஆனால் அந்த 64 எம்பியைத் தனிச் சில்லாக, கோர்கள் இருக்கும் சில்லின் தலைமேல் ஒட்டியிருக்கிறார்கள். கோரின் சூடு அந்தக் கூடுதல் அடுக்கைத் தாண்டித்தான் கூலருக்குப் போக வேண்டும். அதனால் வெப்ப வரம்பை 95 டிகிரியிலிருந்து 89-க்கு இறக்கி, வேகத்தையும் குறைத்தார்கள். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோருக்கு அடியில் வைத்தார்கள், வேகம் 5.2-க்கு ஏறியது. அருமையான வேலை அது!

வீடியோ எக்ஸ்போர்ட் வேறு மாதிரி. தரவு வரிசையாக வந்து போகும், கூடுதல் கேஷால் பெரிய லாபம் இல்லை, கோர் எண்ணிக்கையும் வேகமும்தான் பேசும். வெறும் ஜிகாஹெர்ட்ஸ் எப்போதுமே முழுக் கதை சொன்னதில்லை. 2004-ல் வேகத்தை ஏற்றுவதற்காக பென்டியம் 4-இன் பைப்லைனை, அதாவது ஒவ்வொரு கட்டளையும் கடந்துபோகும் கட்டங்களின் வரிசையை, 31 கட்டம் வரை நீட்டிய இன்டெல், சூடு தாங்காமல் 4 ஜிகாஹெர்ட்ஸ் திட்டத்தையே கைவிட்டது. குறைந்த வேகத்தில் ஓடிய ஏஎம்டியின் அத்லான் 64 கேம்களில் அதை முந்திக்கொண்டிருந்தது.

சரி, உங்களுக்கு எது? முதலில் கேமரா செட்டிங்கைப் பாருங்கள். நிறத் தகவல் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 எச்.265 வகையில் எடுக்கிறீர்கள் என்றால் நான் இன்டெல்தான் சொல்வேன், ஏனென்றால் அந்த வகை ஃபைலை விரிப்பதற்கென்றே 11-ஆம் தலைமுறையிலிருந்து அதன் உள் கிராபிக்ஸில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்) தனிச் சர்க்யூட் இருக்கிறது, நீங்கள் சொன்ன இரண்டு ரைசனிலும் அது கிடையாது, டைம்லைனை இழுக்கும்போதே வித்தியாசம் தெரியும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கிராபிக்ஸ் கார்டு போடுவதாக இருந்தால் அந்த வேலையைக் கார்டே பார்த்துக்கொள்ளும். அப்படிக் கார்டு போட்டாலும் சரி, நிறத் தகவல் குறைவான 4:2:0-இல் எடுப்பவராக இருந்தாலும் சரி, 7700எக்ஸ் போதும், மிச்சக் காசை ராமில் போடுங்கள். 7800எக்ஸ்3டியால் பையனுக்குத்தான் லாபம், பிழைப்பு எடிட்டிங்கில் என்னும்போது அதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இன்டெல் வாங்கினால் மாடல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இல்லாததாகப் பாருங்கள், எஃப் என்றால் உள் கிராபிக்ஸே இல்லை. 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 செகண்ட் ஹேண்டில் வேண்டவே வேண்டாம். அவற்றைக் கெடுத்த மின்னழுத்தக் கோளாறுக்கு 2024-இல் பயாஸ் (மதர்போர்டின் மென்பொருள்) அப்டேட் வந்தது உண்மைதான், ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது சரிசெய்யாது.